காலி வண்டி பொறுக்காத பெர்னீட்டா

கடையில் நாய்த் தீனி மூட்டையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடிப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள் பெர்னீட்டா. அவள் வீட்டில் நாய் கிடையாது. எந்த ஊரில் தயாரானது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அதுதான் அவளுக்கு வேண்டும். ஜார்ஜியா, டென்னசி, கரோலினா என்று இருந்துவிட்டால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தப் பெயரை உதட்டுக்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்ப்பாள். அடுத்து பெயிண்ட் டப்பா, செடித்தொட்டி, கழிப்பறைக் காகிதம். பால் வாங்கப் போனவள் பாலை மறந்துவிட்டு வருவதும் உண்டு. வெளியே வண்டியில் அவள் புருஷன் ஜெரோம் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

திங்கட்கிழமை காலையில் அந்தத் தொழிற்சாலைக்குப் போன் போகும். எனக்கு எதிர் மேசை என்பதால் வாராவாரம் கேட்கிறேன். "ஒங்க தொட்டி எங்க ஊர்க் கடைல அடுக்கி வெச்சிருக்கு. பறந்தா வந்துச்சு? யாரோ லாரில ஏத்திட்டுத்தானே வந்தாங்க? நானும் லாரிதான் வெச்சிருக்கேன். காலியா ஒங்க வாசல் வழியாத்தான் திரும்பி வருது." எதிர்முனையில் இருப்பவர் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பாள். சிரிக்காதவருக்கு வியாழக்கிழமை மறுபடியும் போன் போகும்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது வைன்ஹோல்ட் அலமாரித் தொழிற்சாலையில். நான் சம்பளக் கணக்கு, அவள் லாரிகள். இந்தியானாவின் தெற்கு மூலையில் உள்ள எங்கள் ஊரில் மரவேலை தெரியாத குடும்பம் குறைவு. இங்கே செய்யும் சமையலறை அலமாரிகள் தெற்கே கட்டப்படும் அடுக்குமாடிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போகும். கம்பெனிக்குச் சொந்தமாக ஆறு லாரி, ஆறு டிரைவர். ஜெரோம் அதில் ஒருவன். வாரத் தொடக்கத்தில் நிறைத்துக்கொண்டு போவார்கள், இறக்கிவிட்டுத் திரும்புவார்கள். திரும்பும்போது வண்டியில் இருப்பது காற்றும் கொஞ்சம் மரத்தூளும்தான். பெரியவர் வைன்ஹோல்ட் இருந்தவரை அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு பேரும் ஊரில் இருப்பார்கள். மாதா கோவில் கூடத்தில் கெளுத்தி மீன் பொரியல், பீர், நாலு பேர் உட்கார்ந்து கிளாபர் சீட்டு, மீதி இரண்டு பேர் பின்னால் நின்று ஆட்டத்தைக் கெடுப்பது. லாரி ஓட்டுகிறவனுக்கு இப்படி ஒரு வெள்ளிக்கிழமை வாய்ப்பது லேசில்லை. அக்கம்பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் எங்கள் டிரைவர்களைப் பார்த்து வயிறெரிந்த காலம் அது.

பெரியவர் போனார், மகன் கர்ட் வந்தான். படித்த பிள்ளை, பொல்லாதவன் இல்லை. ஆனால் ஒரு சாமானைப் பார்த்தால் அது என்ன செய்யும் என்பதைவிட என்ன தரும் என்பதுதான் அவன் கண்ணில் படும். ஒருநாள் எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டு, "போற வழிக்கு நாம குடுக்கற டீசலையே வர்ற வழிக்கும் குடுக்கறோம். வர்ற வழி அதுக்கான காசை அதுவே சம்பாதிக்கணும். இல்லேன்னா வண்டியெல்லாம் வித்துட்டு வெளி லாரிக்குக் குடுத்துருவேன்" என்றான். யாரையும் திட்டவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனான். பெர்னீட்டா அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அவள் சம்பளமும் புருஷன் சம்பளமும் அந்த ஆறு வண்டியின் சக்கரத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

முதலில் சுலபமானதைப் பிடித்தாள். எங்களுக்கு வேண்டிய பலகை ஜார்ஜியாவில் ஒரு ஆலையிலிருந்து வாடகை லாரியில் வந்துகொண்டிருந்தது. அதை நம் வண்டியிலேயே ஏற்றிவரச் செய்தாள். நம் சரக்கை நம் வண்டியில் ஏற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அது இரண்டு வண்டிக்குத்தான் காணும். மீதி நாலும் நிறைய வேண்டுமென்றால் அடுத்தவன் சரக்கைக் கூலிக்கு ஏற்ற வேண்டும், அதற்குச் சர்க்கார் உரிமம் வேண்டும், சரக்குக்குக் காப்பீடு வேண்டும். உரிமம் தொழிற்சாலையின் பெயரில் வேண்டாம் என்று கர்ட் அதற்கென்று தனியாக ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்து, லாரிகளை அதன் பேருக்கு மாற்றினான். அலைந்து திரிந்து பெர்னீட்டா உரிமத்தை வாங்கிவிட்டாள். உரிம எண்ணை ஆறு வண்டிக் கதவிலும் அவளே ஒட்டினாள். குளிருக்குப் பசை பிடிக்கவில்லை என்று தலை உலர்த்தும் கருவியை வீட்டிலிருந்து கொண்டுவந்து சூடுகாட்டி ஒட்டினாள். டிரைவர்கள் சுற்றி நின்று கேலி செய்தார்கள். "லாரிக்குச் சுருட்டை வெச்சு விடறியா, தாயே?" என்றான் ரோமன்.

ஆறு வண்டிக்கும் எண் வந்தது. சரக்குதான் வரவில்லை. லோடு புரோக்கர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"நம்பருக்கு என்ன வயசு?"

"இப்பத்தான் வாங்கினோம். ஆனா வண்டி முப்பது வருஷமா ஓடுது. ஒரு கீறல் கெடையாது."

"அது ஒங்க சொந்தச் சரக்கும்மா. அடுத்தவன் சரக்கை ஏத்தி ஒரு வருஷம் ஆவட்டும், கூப்புடுங்க."

அவர்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. புதிதாக உரிமம் வாங்கி, ஒரு லோடு ஏற்றி, சரக்கோடு மறைந்துவிடும் திருடர்கள் இந்தத் தொழிலில் பெருத்துவிட்டார்கள். ஆனால் கன்னத்தில் நரை விழுந்த எங்கள் ஜெரோமையும் அந்தப் பட்டியலில் வைத்துப் பார்த்தார்களே என்று எனக்கு எரிந்தது. பெர்னீட்டா எரிச்சலில் நேரத்தை வீணாக்குகிறவள் இல்லை. புரோக்கர் தராவிட்டால் தயாரிக்கிறவனையே பிடிப்போம் என்று கடை கடையாக மூட்டையைக் கவிழ்க்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அதிலும் அவளுக்கு ஒரு ஆசாரம் உண்டு. வார்னிஷ் அடித்த அலமாரி எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். வெங்காயம் வேண்டாம், டயர் வேண்டாம், உரம் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வண்டியும் வந்ததும் டிரெய்லருக்குள் ஏறி, கடைசிவரை நடந்துபோய், கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பாள். சந்தேகம் வந்தால் என்னையும் கூப்பிடுவாள். நான் ஒன்றும் தெரியவில்லை என்றால், "ஒனக்கு எப்பவும் சளி" என்று இறங்கிப் போய்விடுவாள். மண்தொட்டி, காகிதம், கண்ணாடிப் புட்டி, தையல் நூல் என்று வாசனையில்லாத சரக்காகப் பொறுக்கியெடுத்து நாலு வண்டியையும் நிறைத்துவிட்டாள்.

நிறைந்தது வண்டி, போனது வெள்ளிக்கிழமை. அலமாரியை இறக்கினால் நேரே வீடு என்றிருந்தவர்கள், இப்போது ஏதோ ஒரு கிடங்கு வாசலில் வரிசையில் நின்று, எப்போது கூப்பிடுவான் என்று காத்துக் கிடந்தார்கள். ரோமனின் பேத்திக்குக் கோவிலில் முதல் நற்கருணை விழா. அன்று அவன் ஜார்ஜியாவில் ஒரு காகித ஆலை வாசலில் நின்றுகொண்டிருந்தான். திரும்பி வந்தவன் சாவியை அவள் மேசையில் வைத்துவிட்டு, "நான் ஏத்தி வந்தது பூரா கண்ணு தொடைக்கிற காகிதம் பெர்னீட்டா. பேத்திக்கு ஒரு பெட்டி எடுத்துக்கவா?" என்றான். அவள் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள். அவன் போன பிறகு என்னிடம், "லாரியே போயிட்டா ஏது வெள்ளிக்கிழமைன்னு இவங்களுக்கு யார் சொல்றது?" என்றாள்.

புருஷனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாதென்று மோசமான லோடை எல்லாம் ஜெரோம் தலையில் கட்டினாள். அதிகமாகக் காத்திருக்க வைக்கும் கிடங்கு அவனுக்கு, மலைப்பாதை அவனுக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவன் டென்னசியில் பனியில் மாட்டிக்கொண்டபோது, போனில் அவனோடு அவள் பேசியது சரக்கைப் பற்றி மட்டும்தான். அவனும் பெரிய பேச்சுக்காரன் இல்லை. கூடத்தில் ஒருநாள் யாரோ அவனைச் சீண்டியதற்கு, "அந்த நம்பர்தான் எங்க கடைக்குட்டி. அதுக்குப் பல்லு மொளைக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கமில்ல" என்றானாம்.

அந்த நம்பரை அவள் வளர்த்தது உண்மை. ஒரு சரக்கு தாமதமில்லை, ஒரு பெட்டி உடையவில்லை. சோதிக்க வந்த அதிகாரி குறை தேடிக் களைத்து, எங்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார். ஒரு வருஷம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. போனை வைத்துவிட்ட புரோக்கர்களே இப்போது காலையில் கூப்பிட்டு, குடும்பம் சுகமா என்று விசாரித்தார்கள். வர்ற வழி அதன் காசைச் சம்பாதித்தது, மேலேயும் கொஞ்சம் தந்தது. கர்ட் சொன்ன கணக்கு கச்சிதமாக நேரானது.

நேரான கணக்கைத்தான் அவன் விற்றான். போன மாதம் அவளைக் கூப்பிட்டு, நாஷ்வில்லில் ஒரு பெரிய கம்பெனி நம் சின்னக் கம்பெனியை அப்படியே வாங்கிக்கொள்கிறது என்றான். லாரி, டிரைவர், உரிமம் எல்லாம் சேர்த்து. "கெழட்டு லாரி ஆறுக்கு என்ன பெருசாக் கெடைக்கும்? அவங்க வெலை குடுக்கறது நம்பருக்கு. இவ்வளவு சுத்தமான நம்பரு சந்தைல இல்லியாம். நல்லா வளத்து வெச்சிருக்கே பெர்னீட்டா." பாராட்டாகத்தான் சொன்னான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் இரண்டு வருஷம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால், கேட்பாரில்லாத அந்த லாரிகளை வைத்துக்கொண்டு முணுமுணுத்தாலும் அப்பனைப் போலவே இவனும் காலம் தள்ளியிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை அவளிடம் நான் சொன்னதில்லை. அவளுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

புதுக் கம்பெனியில் மூன்று வாரம் ரோட்டில், அப்புறம் சில நாள் வீட்டில். ரோமன் வரமாட்டேன் என்று பள்ளிக்கூட பஸ் ஓட்ட மனுப் போட்டுவிட்டான். ஜெரோம் கையெழுத்துப் போட்டான். அறுபதை நெருங்குகிறவனை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? பெர்னீட்டாவுக்கு அங்கே இடமில்லை. லோடு பிடிக்க அவர்களிடம் ஒரு அறை நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் ஒருவன், பிரென்ட் என்று பெயர், ஒரு வாரமாக அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் பிடித்த தொழிற்சாலைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவளும் ஒளிக்காமல் சொல்கிறாள். தொட்டிக்காரரிடம் கால்பந்தைப் பற்றி ஆரம்பிக்க வேண்டும், நூல் ஆலையில் இன்னாரைக் கேட்டால்தான் சீக்கிரம் ஏற்றுவார்கள் என்பது வரைக்கும் சொல்கிறாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தப் பையன் எழுந்து போன சமயம், "இவனுக்கு எதுக்குடி எல்லாத்தையும் அவுத்துக் கொட்டறே?" என்றேன்.

"ஜெரோம் இவன்கிட்டதானே ஓட்டப்போறான். இவனுக்கு லோடு புடிக்கத் தெரியலேன்னா ரோட்டோரத்துல கெடக்கப்போறது அவன்தானே."

நான் சம்பளக் கணக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

நேற்று வியாழக்கிழமை. எங்கள் கையில் அந்த வண்டிகள் இருக்கும் கடைசி வாரம். ஆறும் தெற்கே அலமாரியை இறக்கிவிட்டு நின்றன. மதியத்துக்கு முன்னால் பெரிய புரோக்கர் ஒருவரே கூப்பிட்டார். ஜெரோம் நிற்கும் ஊரிலிருந்தே லோடு, வாசனையில்லாத சரக்கு, இதுவரை யாரும் தராத கூலி. பிரென்ட் நாற்காலி நுனிக்கு வந்து எடு எடு என்று கையைக் காட்டினான். பெர்னீட்டா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "வண்டி இல்லீங்க" என்றாள்.

"ஆறும் காலியாத்தானே நிக்குது?" என்றான் பிரென்ட்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட்டாள். ரோமனிடம், கதவைச் சாத்திவிட்டு எதையும் ஏற்றாமல் கிளம்பு என்றாள். அவன் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டான். பலகை ஏற்ற வேண்டிய இருவரிடமும் அதையேதான் சொன்னாள். ஜெரோமை ஆறாவதாகக் கூப்பிட்டாள்.

"லோடு கெடைக்கலியா?" என்றான் அவன். அந்தக் கரகரத்த குரல் என் மேசை வரைக்கும் கேட்டது.

"கெடைச்சுது. நீ காலியா வா. நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அவள் போனை வைத்ததும் அது மறுபடி அடித்தது. பிரென்ட் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். பெர்னீட்டா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை உட்கார்ந்திருந்தாள்.