பயிர்க்கடன் மாதிரிதான், நைனா

என் நைனாவுக்குக் கடன் என்றால் ஒன்றுதான் தெரியும்: சொசைட்டியில் வாங்கும் பயிர்க்கடன். ஆரம்பாக்கத்தில் ரயில் பாதையை ஒட்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். சம்பா நடவுக்கு முன்னால் வாங்குவார், அறுவடை முடிந்ததும் கட்டுவார், மறுபடி வாங்குவார். ஒரு வருஷம் மழையில் பயிர் அழுகியதால் கட்டவில்லை. அடுத்து தேர்தல் வந்தது, தள்ளுபடி ஆகிவிட்டது. அதிலிருந்து, முடிந்தால் கட்டுவது, முடியாவிட்டால் அரசாங்கம் பார்த்துக்கொள்வது என்றுதான் கடனைப் பற்றி அவர் மனதில் பதிந்துபோனது. எங்கள் பக்கம் நிலம் வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இதே எண்ணம்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் பள்ளியிலேயே நான்தான் முதல். பி.ஏ. ஆங்கிலம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அரசுக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழிக்கும் அங்கேதான் கிடைத்தது, அவள் அன்றைக்கே ஃபீஸ் கட்டிவிட்டு வந்தாள். எனக்கு மனம் வரவில்லை. ஹைவேயில் தினமும் ஒரு தனியார் கல்லூரி பஸ் போகும். நீல நிறம், கண்ணாடி ஏற்றிய ஜன்னல்கள். உள்ளே இருக்கும் பெண்கள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டு போவதாக நானாக நினைத்துக்கொண்டேன். அந்தக் கல்லூரியின் விளம்பரத் தாளில், படித்து முடித்தால் வேலை நிச்சயம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

நைனா கேட்ட கேள்வி நியாயமானது. "ரெண்டு காலேஜ்லயும் ஒரே படிப்புதானம்மா? அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ டப்பு?"

"படிப்பு ஒண்ணுதான் நைனா. கெடைக்கிற வேலை வேற" என்றேன், எல்லாம் தெரிந்தவள் போல.

பி.ஏ. ஆங்கிலம் முடித்த ஒரு அக்கா எங்கள் தெருவிலேயே இருந்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, தினமும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் வேன் ஏறப் போவார். இந்தப் படிப்புக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன சொல்வார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

கல்விக்கடனுக்காக வங்கிக்குப் போனோம். அதிகாரி ஒரு கத்தைத் தாளை என் பக்கம் தள்ளினார். "இங்கிலீஷ்தானே எடுக்கப்போறே? நிதானமா படிச்சிட்டு அப்பாவுக்குச் சொல்லு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

படித்தேன். சட்ட ஆங்கிலம்தான், ஆனாலும் புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஆசைதான், அது பொய். பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை தொடங்கும். மகள் கட்டாவிட்டால் தகப்பன் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் இரண்டு பேருக்கும் வேறு எங்கேயும் கடன் கிடைப்பது கஷ்டம். மழை, தேர்தல், தள்ளுபடி என்று எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

"இன்னாமா போட்டுக்கீது?" என்றார் நைனா.

நீல பஸ் கண்ணுக்குள் நின்றது. "நம்ம பயிர்க்கடன் மாதிரிதான் நைனா" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்போ பயம் இல்ல" என்று சொல்லி, ஒவ்வொரு தாளிலும் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

கல்லூரி பஸ்ஸில் பெண்கள் தமிழில்தான் பேசினார்கள், பெரும்பாலும் சீரியல் கதை. வகுப்பில் ஆங்கிலக் கவிதைக்குத் தமிழில்தான் விளக்கம் சொன்னார்கள். நிச்சயம் என்று போட்டிருந்த வேலைக்காக ஒரே ஒரு கால்சென்டரிலிருந்துதான் ஆள் எடுக்க வந்தார்கள். போனில் பேசிக்காட்டச் சொன்னதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியின் டிஸ்பேட்ச் பிரிவில் பில் போடும் வேலை கிடைத்தது. மூன்று வருஷம் படித்த ஆங்கிலத்தில் அங்கே தேவைப்பட்டது லாரி நம்பரும் டன் கணக்கும்தான். பக்கத்து மேஜையில் யார் என்று பார்த்தால், அரசுக் கல்லூரியில் சேர்ந்த அதே தோழி. இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம். அவள் அந்தச் சம்பளத்தைச் சேர்த்துவைத்து, அடுத்த வருஷமே பி.எட். படிக்கப் போய்விட்டாள். வயிறு எரிந்தது. யார் மேல் என்று அப்போது எனக்கே ஒப்புக்கொள்ள மனமில்லை.

தவணை தொடங்குவதாக வங்கியிலிருந்து கடிதம் வந்தது. சம்பளத்தில் கட்டிவிடலாம் என்று சொன்னேன். நைனா தடுத்தார். "அவசரப்பட்டு கட்னவங்கதான் போன தபா ஏமாந்துகினு நின்னாங்க. எலெக்‌ஷன் வரட்டும், தள்ளுபடி பண்ணுவாங்க."

இது அந்தக் கடன் இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தேர்தல் வந்தது, போனது. கடன் அப்படியே இருந்தது. வட்டி மட்டும் ஏறியது.

அந்த ஆவணியில் நைனா பட்டா, அடங்கல் நகலெல்லாம் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வழக்கம்போல சொசைட்டிக்குப் போனார். மத்தியானமே திரும்பிவிட்டார். வங்கியில் அவர் பேரில் பாக்கி நிற்பதாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறதாம். பயிர்க்கடன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விதை நெல் வாங்கக்கூடக் கையில் காசு இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். அடுத்த மாதம் சிப்காட்டிலேயே, என் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு தொழிற்சாலை கேட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அறுபதை நெருங்கும் வயதில் முதல்முறையாக பூட்ஸ் போட்டார்.

இப்போது நான்தான் மாதாமாதம் தவணை கட்டுகிறேன். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஊருக்குத் திரும்புவோம். போன வாரம் வண்டி எங்கள் நிலத்தைத் தாண்டும்போது, வேறு யாரோ நட்ட நாற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எல்லாம் என்னாலதாம்மா. பயிர்க்கடன் மாதிரின்னு நானா நெனச்சிக்கினு, கட்ட வந்தவளையும் தடுத்து, உன்ன மாட்டிவுட்டுட்டேன். மனசுல வெச்சிக்காத."

அந்த வார்த்தையைச் சொன்னது யார் என்பதையே மறந்துவிட்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அது அவருடைய தப்பாகவே ஆகிவிட்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பரவால்ல, வுடு நைனா" என்றேன்.

மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து பூட்ஸ் கயிற்றைத் தளர்த்திக்கொண்டார்.