ஹீட்டரும் முன் சீட்டும்

இந்த ஊர் வெயிலில் காருக்கு ஹீட்டர் மாட்டிய ஒரே கிறுக்கன் நானாகத்தான் இருப்பேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் மனைவிக்குக் குளிர்ந்தது, மாட்டினேன்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போவேன். நாலு மணி நேரம் ரத்தமெல்லாம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பிய பிறகு அவளுக்கு நடுக்கம் எடுக்கும். ஏர்கோனை அடைத்து, கண்ணாடியை ஏற்றி, இரண்டு துண்டைப் போர்த்தினாலும் பல் கிட்டும். எனக்கோ சட்டை தொப்பலாக நனைந்துவிடும். "இந்த வெயில்ல உனக்கு என்ன குளிரு?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். "நான் என்னங்க செய்யட்டும்?" என்றாள். அதற்குப் பிறகு குளிருது என்று சொல்வதையே நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எங்களுடையது பழைய ஜப்பான் கார். வாங்கும்போதே ஹீட்டர் இருந்தது. எஞ்சினின் சுடுதண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய்வரும். அதன்மேல் காற்றை ஊதினால் வண்டிக்குள் சூடு. நம் ஆட்கள் கூலண்டா வாங்குவோம்? பைப்பைத் திறந்து பச்சைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவோம். நானும் வருடக்கணக்கில் ஊற்றினேன். அந்தக் குட்டி ரேடியேட்டர் அரித்துப்போய்க் காலடிக் கம்பளத்தில் ஒழுக ஆரம்பித்தது. "ஹீட்டர் எதுக்குண்ணே நமக்கு?" என்று மெக்கானிக் அதைக் கழற்றாமலே இரண்டு குழாயையும் ஒன்றாகச் சேர்த்து முடுக்கிவிட்டான். இங்கே எல்லாரும் செய்வது அதுதான்.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கிய கார்களின் சாமான் விற்கும் கடை ஈப்போவுக்கு வெளியே ஒன்று உண்டு. கடை முதலாளியான சீனத் தவுக்கே நான் கேட்டதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஹீட்டர்? அங்கிள், சினி பானாஸ் லா!" இங்கேதான் ஏற்கெனவே வேகிறதே என்கிறார். "பினி சாகிட்," பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றேன். மனுஷர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரே இரும்புக் குவியலுக்குள் ஏறிப் போனார். ஒன்றைக் கழற்றி வந்து, வாளித் தண்ணீரில் முக்கிக் காற்றடித்து, குமிழி வரவில்லை என்று காட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முன்கூரைக்குக் கீழே வண்டியை நிறுத்திப் பிரிக்க ஆரம்பித்தேன். செவ்வாய் காலைக்குள் வண்டி ஓட வேண்டும். உள்ளங்கை அகலச் சாமான், அதை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டியிருந்தது. அவள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டாள். "போய்ப் படு" என்று இரண்டு முறை விரட்டினேன். "படுத்துக்கிட்டுதானே இருக்கேன் எந்நேரமும்," என்றாள். ஒரு பிளாஸ்டிக் கொக்கி உடைந்தபோது நான் பேசின கெட்ட வார்த்தை பக்கத்து வீடு வரைக்கும் போயிருக்கும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திங்கள் சாயங்காலம் எல்லாம் மாட்டி, உண்மையான கூலண்டை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டேன். தூசி கருகும் வாசனை வந்தது, பிறகு சூடு. கையை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் குளித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது ஹீட்டரை முழுசாகத் திறந்தேன். என் முழங்காலுக்குக் கீழே வெந்தது. "வருதா?" என்றேன். "வருது, வருது," என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். துண்டை மோவாய் வரை இழுத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்தது பின் சீட்டில்.

என் மண்டையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எஸ்டேட்டை விட்டு வந்து அந்தக் காரை வாங்கியபோது முன் சீட்டு என் அம்மாவுக்கு. மாமியார் இருக்கும்போது மருமகள் முன்னால் ஏறுவாளா? பைகளோடு பின்னால் ஏறினாள். அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவள் பின்னாலேயே ஏறினாள், முன் சீட்டில் காய்கறிப் பை உட்கார்ந்து வந்தது. ஹீட்டர் சூட்டை முன்னால்தான் ஊதும். இரண்டு நாள் அதற்குள்ளேயே தலையை விட்டுக் கிடந்தவனுக்கு அது தோன்றவில்லை.

ஓரமாக நிறுத்தி, "எறங்கி முன்னால வா," என்றேன். தயங்கித் தயங்கி வந்து ஏறினாள். காலை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் துண்டு மடிக்கு இறங்கியது. "அப்பாடா," என்றாள்.

அதற்குப் பிறகு ஆறு வாரமும் முன் சீட்டிலேயே வந்தாள். எனக்கு வேர்வை வழியும், அவளுக்குப் பேச்சு வழியும். பின் சீட்டில் வந்த வரைக்கும் தூங்குகிறாள் என்றே நினைத்திருந்தேன். சுண்ணாம்பு மலையை வெட்டியிருப்பதைக் காட்டி, போன வாரத்தைவிடக் குறைந்திருக்கிறது என்பாள். "வண்டி ஓட்டுறப்ப எல்லாரையும் வாய்க்குள்ளயே திட்டுவீங்களா? எனக்குத் தெரியவே தெரியாதுங்க. இத்தன வருஷமா உங்க பின்மண்டையத்தானே பாத்துக்கிட்டு வந்தேன்," என்று சிரிப்பாள். அவள் அப்படிக் கேலி செய்வாள் என்பது எனக்கும் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. வைப்பருக்கு நடுவில் சாலையைத் தேடி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று கேட்டாள்.

"மாமி போயி எவ்வளவு நாளாச்சு. ஒருநாள்கூட முன்னால வந்து உக்காருன்னு நீங்க சொன்னதில்ல. இப்ப கூப்புட்டது ஹீட்டருக்காகத்தானா?"

"வேற எதுக்கு? பின்னாடி சூடு வராதுல்ல," என்றேன்.

"சரிங்க," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

உன்னோடு பேசிக்கொண்டு வருவது எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. செவ்வாய், வியாழன், சனி எப்போது வரும் என்று நான் காத்துக்கிடந்தேன். அதை அவள் வாயைத் திறந்து கேட்டாள், நான் சூடு வராது என்றேன்.