சாவி சட்டைப்பையில்

முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் குழிகளுக்குள் ஏறி இறங்கியும் ஒரு கீறல்கூட வாங்காத மெக்கானிக், சொந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. ஐந்து நிமிடம் நினைவில்லை. ஸ்கேனில் எல்லாம் சரி.

“தலைக்குள்ள ஒண்ணும் இல்லையாம்,” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

“அது எனக்குக் கல்யாணமான மறுநாளே தெரியும்.”

ஸ்கேனில் தெரியாதது வீட்டில் தெரிந்தது. குக்கர் விசில் அடித்தால் தெருவுக்கு ஓடினார். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயரைத் தேடினார். காபி மணக்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார். வேலைநிறுத்தம் செய்தது அவர் மூக்கு. மூன்று மாதத்தில் சரியாகும் என்றார் டாக்டர். ஆறு மாதத்தில் பாதிதான் சரியானது. அது போதும் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம். குழிக்குள் போகுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பித்தளைப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவர் உள்ளே இருக்கும்போது வேறு யாரும் லிஃப்டை ஓட்டிவிட முடியாது.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் போன் அலறியது. பூட்டு அங்கே தொங்குகிறது, சாவி இங்கே. ஒன்பது மாடிக்கும் சனம் படியேறிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்த் திறந்துவிட்டு வந்து மறுபடி தட்டின் முன் உட்கார்ந்தார். “ஊருக்கே உடற்பயிற்சி குடுத்துட்டேன்,” என்று சிரித்தார். மனைவியும் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அவள் இன்ஜினியர். திறக்க மறந்தால் ஊருக்குக் கால் வலிக்கும். பூட்ட மறந்தால்?

“அப்பா, பூட்டாம உள்ள போயிருக்கீங்களா?”

“போடி, எனக்கே பாடம் எடுக்கிறியா?”

“ஆமாவா இல்லையா, சொல்லுங்க.”

அவர் தட்டைப் பார்த்தார். “போன வாரம். லிஃப்ட் கூரை மேல நிக்கிறேன். பையைத் தொட்டா, சாவி இல்ல.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்புறம்?”

“மூச்சு விடாம இறங்கினேன். பூட்டிட்டு வந்து வேலையை முடிச்சேன். பாதியில விட்டுட்டு வர முடியுமா?”

அவரே சாவியை எடுத்து மகளின் தட்டருகே வைத்தார்.

“இனிமே குழிக்குள்ள இறங்கலை. நீ வச்சுக்கோ. கேட்டாலும் குடுக்காதே. கேப்பேன்.”

கேட்டார். கத்தினார், கெஞ்சினார், “சும்மா அழகு பாக்கத்தான்டி” என்றுகூடச் சொன்னார். அவள் கொடுக்கவில்லை. அதன்பிறகு பதினோரு வருடம் அவர் குக்கரோடு சண்டை போட்டார்.

போன மாதம் தன் படுக்கையில், தூக்கத்தில் போனார். சாவி மகளின் பையில் இருக்கிறது. இப்போது கேட்டால் கொடுத்துவிடுவாள்.