மார்கழி முழுக்க நடையில் கிடந்த டிஸ்க்

கார்த்திகைக் கடைசியில் எங்கள் கரும்புக்குப் பன்னிரண்டு மாதம் முடிந்தது. வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து ஆர்டர் வரவில்லை. ஆர்டர் இல்லாமல் வெட்டினால் ஆலை வாசலில் வண்டியை உள்ளே விட மாட்டார்கள். வெட்டாமல் விட்டால் கரும்பு பூத்துவிடும். பூத்தால் உள்ளே பஞ்சு மாதிரி நெட்டி விழும், எடை போய்விடும்.

நாங்கள் பண்டசோழநல்லூர்ப் பக்கம். முக்கால் காணி நிலம். எங்களுக்கு அது ஒன்றுதான். பயிரை என் வீட்டுக்காரர் பார்ப்பார். எனக்கு வில்லியனூர்ப் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் பெருக்கித் துடைக்கிற வேலை. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். எண்பதுகளின் கடைசியில் ஆலையில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். அந்த அறை என் பொறுப்புக்கு வந்தது.

அறையில் ஏ.சி. துடைப்பம் கூடாது, தூசி பறக்கும். ஈரத்துணிதான். செருப்பு வெளியே. நடுவில் பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து வயர் போய் நான்கு மேசையில் நான்கு டி.வி. எந்த மேசையில் தட்டினாலும் அந்தப் பெட்டிக்குள்தான் போகும். விவசாயி பெயர், நட்ட தேதி, நிலம் எவ்வளவு, எல்லாம் உள்ளே. நட்ட தேதியைப் பார்த்து மெஷினே வரிசை போட்டு ஆர்டர் அடிக்கும்.

அதற்கு முன்னால் ஆலையின் ஃபீல்டுமேன் கையால் வெட்டுச் சீட்டு எழுதுவார். தனக்கு வேண்டியவர்களுக்கு முதலில் எழுதுவார். மெஷினுக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது என்றார்கள். நானும் நம்பினேன்.

டைப் அடிக்கிற பெண் அரியாங்குப்பத்திலிருந்து வருவாள். நல்ல பெண். அவளிடம் கேட்டேன்.

"இன்னாம்மா, எங்க வூட்டுக்காரர் பேரு எப்ப வரும்?"

"உங்க பேரு இன்னும் உள்ளயே போவலக்கா. டிஸ்க் ஃபுல்லு."

"அப்டின்னா?"

"பேரெல்லாம் போயி தங்குற எடம்க்கா. ரொம்பிடுச்சி. பஸ்ஸு ரொம்பிட்டா ஏற முடியாதுல்ல, அந்த மாதிரி. இன்னொரு டிஸ்க்கு மெட்ராஸ்லேர்ந்து வருது. பக்கத்துல மாட்டிட்டா நீங்களும் ஏறிடுவீங்க."

"அப்ப மொதல்ல ஏறுனது யாரு?"

அவள் சிரித்தாள்.

பிறகு தெரிந்தது. அவளிடம் கொடுத்த தாள்களில் பத்துக் காணி, இருபது காணிக்காரர்கள் மேலே இருந்தார்கள். ஒரு காணிக்குக் கீழே உள்ளவர்கள் அடியில். அவள் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். எங்களிடம் வரும்போது இடம் தீர்ந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றார்கள். வேண்டுமென்று செய்திருந்தால்கூட ஒருத்தனைப் பிடித்துத் திட்டியிருக்கலாம்.

"வெட்டி முடிச்சவங்க பேர எடுத்துட்டு எங்க பேர போடேன்."

"சீசன் முடியற வரைக்கும் ஒரு பேரையும் எடுக்கக் கூடாதுன்னு ஆபீசர் சொல்லிட்டாருக்கா."

ஃபீல்டுமேனிடம் போனேன். "கைச்சீட்டெல்லாம் செல்லாதும்மா இனிமே. எம் பேனாவயே புடுங்கிட்டாங்க. நீ போயி உன் மெஷினக் கேளு" என்றார். அவருக்கு அதில் சந்தோஷம்.

டிஸ்க் வந்த லாரி மழையில் திண்டிவனத்துக்கு அந்தாண்ட நின்றுவிட்டது. வந்து சேர்ந்தபோது மார்கழி பிறந்து இரண்டு நாள். நான்கு லோடு ஆட்கள் தூக்கினார்கள். தையல் மெஷின் மேசை அளவுக்கு இருந்தது. கனம் வேறு.

"இதுக்குள்ள இன்னாக்கா கீது, கருங்கல்லா?" என்றான் ஒருவன்.

"எங்க பேரு போவப்போற எடம்பா. பாத்து எறக்கு."

"உங்க பேரு இவ்ளோ கனமா? மாமா எப்டி தாங்குறாரு?"

மற்ற மூவரும் சிரித்ததில் பெட்டி ஆடியது. நானும் சிரித்தேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

மெட்ராஸ் இன்ஜினியர் அன்று காலையிலேயே வந்து காத்திருந்தார். அரை நாள் வேலை, சாயங்காலமே பெயர் ஏற்றலாம் என்றார். ஆபீசர் வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இப்ப வேணாம். தை பொறக்கட்டும்."

"ஏன் சார்?"

"மார்கழி பொறந்துடுச்சு. பீட மாசம். புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது."

"சார், இது புதுசா ஆரம்பிக்கறது இல்ல. இருக்கிற மெஷினுக்குக் கூட ஒண்ணு சேக்கறோம். அவ்வளவுதான்."

"கூட ஒண்ணுன்னா, அது புதுசுதானே?"

இன்ஜினியர் பையை எடுத்துக்கொண்டார். மத்தியான பஸ்ஸில் போய்விட்டார்.

ஆபீசரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கம்ப்யூட்டரை முதலில் ஆடி மாதத்தில் ஓட விட்டார்கள். மூன்றாம் நாளே ஏ.சி. எரிந்து அறையைப் பூட்டி வைத்தார்கள். அந்த பயம் அவருக்கு. ஆனால் அவர் பயத்துக்கு வெயிலில் நின்றது எங்கள் கரும்பு.

பெட்டியை நடையில் சுவரோரம் தள்ளி வைத்தார்கள். மஞ்சள் கயிறு ஒன்று கட்டினார்கள். தினமும் அதன் முன்னால் கோலம் போடச் சொன்னார் ஆபீசர். மார்கழி ஆயிற்றே, பூசணிப்பூவும் வைக்கச் சொன்னார். வைத்தேன். காலையில் குனிந்து கோலம் போடுவேன். நிமிர்ந்தால் ஜன்னலில் ஆலைப் புகை தெரியும். பெரிய நிலத்துக்காரர்களின் டிராக்டர் வரிசையாக நிற்கும். மார்கழி என்று பாய்லரை யாரும் நிறுத்தவில்லை. மார்கழி என்று அவர்கள் கரும்பை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பீடை எல்லாம் எங்கள் முக்கால் காணிக்குத்தான்.

மாதத்தின் பாதியில் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"இன்னாடி, உன் பெட்டி கண்ண தொறந்துச்சா?"

"இல்ல."

"கரும்பு தொறந்துடுச்சி. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். தோகைக்கு மேலே வெள்ளை வெள்ளையாய்ப் பூ. தெரியாதவர் பார்த்தால் அழகு என்பார். அவர் ஒரு கரும்பை ஒடித்து நெடுகப் பிளந்து காட்டினார். நடுவில் பஞ்சு மாதிரி இருந்தது. பிளந்ததை என் கையில் கொடுத்தார். ஒரு வருஷம் தண்ணீர் கட்டின ஆள்.

மறுநாள் அந்தக் கரும்போடு ஆபீசர் அறைக்குப் போனேன். மேசைமேல் வைத்தேன்.

"இன்னாம்மா இது?"

"எங்க கரும்பு சார். பூத்துடுச்சி. உள்ள நெட்டி."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"அந்தப் பெட்டிய மாட்டச் சொல்லுங்க. இல்லன்னா கையால ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"ஒருத்தருக்கு எழுதினா எல்லாரும் வந்து நிப்பாங்க. இன்னும் ரெண்டு வாரம். எல்லார் நல்லதுக்குந்தான் சொல்றேன்."

"கரும்புக்கு மார்கழி தெரியாதுங்க சார்."

அவர் முகம் மாறியது. "நீ துடைக்கிற வேலையப் பாரும்மா. மொதல்ல இத எடுத்துட்டுப் போ, எறும்பு வரும்."

"இதுல எறும்புக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றேன். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தை பிறந்தது. பிறந்ததும் மாட்டவில்லை. பொங்கல் லீவு. ஐந்தாம் நாள்தான் நல்ல நேரம் பார்த்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். கற்பூரத்தட்டை அறைக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள். புகை பட்டால் டிஸ்க் கெட்டுவிடும் என்று இன்ஜினியர் கத்தினார், நடையிலேயே சுற்றினார்கள். பிறகு பெட்டியை உள்ளே தள்ளினார்கள். இன்ஜினியர் தடிமனான இரண்டு வயரைச் சொருகினார். ஏழெட்டுத் திருகாணி முடுக்கினார். நான் வாசலில் துணியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இதற்கா ஒரு மாதம்? இதற்கா?

மெஷினில் ஏதோ தட்டிவிட்டு உட்கார்ந்தார். மத்தியானத்துக்கு மேல் பெயர் ஏற்றலாம் என்றார். அந்தப் பெண் அடியில் கிடந்த தாள்களை எடுத்துத் தட்டினாள். மறுநாள் ஆர்டர் அச்சடித்து வந்தது. விட்டுப்போனவர்களில் முதலில் நட்டவர்கள் நாங்கள். அதனால் எங்கள் பெயர் முதல் வரி. மெஷின் நியாயமாகத்தான் அடித்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆபீசர் தாளை அவரே கொண்டுவந்து கொடுத்தார். "பாத்தியா, உம் பேருதான் மொதல்ல. நான் சொன்னேன்ல?"

வாங்கிக்கொண்டேன். பதில் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

வெட்டாட்கள் வந்தார்கள். "இன்னா அண்ணி, கரும்பு வெட்டக் கூப்டியா, நாணல் வெட்டக் கூப்டியா?" என்று கேட்டார்கள். முந்தின வெட்டில் பன்னிரண்டு வண்டி போன நிலம். இந்த முறை பத்துகூட நிறையவில்லை. நிறைந்த வண்டியும் எடை மேடையில் ஏறி நின்றபோது முள் எழும்பவில்லை. வீட்டுக்காரர் முள்ளைப் பார்க்கவில்லை. மாட்டைத் தட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இப்ப எத்தினி பேரு வேணும்னாலும் போடலாம். அவ்ளோ எடம் கெடக்கு."

"கெடக்கட்டும். எங்க பேர எடுத்துடு."

"எடுத்தா அடுத்த வருசம் ஆர்டர் வராதுக்கா."

"கரும்பும் இருக்காது."

சீசன் முடியாமல் எடுக்க முடியாது என்றாள். சித்திரையில் சீசன் முடிந்து ஆலை நின்றது. அன்றைக்கே போய் நினைவுபடுத்தினேன். நான் பக்கத்தில் நிற்க எடுத்தாள். டி.வி.யில் ஒரு வரி இருந்தது, இல்லாமல் போனது.

வீட்டுக்காரரும் நானும் கரும்புக் கட்டையைத் தோண்டிப் போட்டோம். மழைக்கு மல்லாட்டை, வேர்க்கடலைதான், போட்டோம். இலை பழுத்தது. யார் ஆர்டருக்கும் காத்திராமல், நாங்களே பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை பிடுங்கினோம்.