பின்சீட்டில் வந்த தென்னங்கன்று

பேகம்பேட்டில் கார் கழுவும் கடை ஒன்றில் பம்பு சீறும்போதெல்லாம் என் கால் நின்றுவிடுகிறது. அந்தச் சீறலை மூன்று மாதம் காலைதோறும் தோளில் தாங்கியவள் நான்.

செகந்திராபாத் சைனிக்புரியில் எங்கள் வீட்டில் இரண்டு குட்டைத் தென்னைகள். ஒரு வருஷம் அவை ஒழுகத் தொடங்கின. ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாய்ச் சுருள்கள், மேலே கரிபோல் பூஞ்சை, கீழே இனிப்புப் பிசுக்கு. பக்கத்து வீட்டுக்காரரின் காரெல்லாம் கறை. அவர் வேலூர்க்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பூச்சி அவருடைய நான்கு தென்னைக்கும் தாவியிருந்தது. என் மரங்களை வெட்டி, தன் மரங்களுக்கு விஷம் அடிக்க அவரே ஆளை வரவழைத்தார். நான் தடுக்கவில்லை. தடுக்காததற்குக் காரணம் இருந்தது.

வந்தவர் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர்; மரம் பார்ப்பதே தொழில். கயிறும் ஹெல்மெட்டுமாக இரண்டு வீட்டு மரங்களிலும் ஏறினார். வெட்டவில்லை. என் மரத்து ஓலைத் துண்டு ஒன்றோடு இறங்கி, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். கடல் தாண்டி வந்த வெள்ளை ஈயாம். வெள்ளைக்கு நடுவே சில கறுப்புப் புள்ளிகள். கடுகைவிடச் சிறிய குளவி ஒன்று ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டால் அது இப்படிக் கறுத்துச் சாகுமாம். விஷம் அடித்தால் குளவி முதலில் போகும். மரத்தை வெட்டி லாரியில் ஏற்றினால் ஈ ஊரெல்லாம் போகும் என்றார்.

"சார் மரத்துல கறுப்பே இல்லக்கா. இந்த ஓலையக் கொண்டுபோயி அங்க கட்டணும். நீங்கதான் அவருகிட்ட சொல்லணும்."

எந்த முகத்தோடு சொல்வது? ஈயைக் கொண்டுவந்தவளே நான். ஊரைக் கையோடு கூட்டிவருகிற நினைப்பில், பொள்ளாச்சியிலிருந்து காரின் பின்சீட்டில் ஈரச்சாக்கு சுற்றி ஒரு தென்னங்கன்றைக் கொண்டுவந்தேன். இலையடியில் வெள்ளையைப் பார்த்தேன். தூசி என்று துடைத்துவிட்டு இரண்டு தென்னைக்கும் நடுவே நட்டேன்.

கேட்டைத் திறந்துகொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலூர்க்காரர் கார்க் கறையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப எதிரிய கூட்டினு வந்ததே நீதானாம்மா. இப்ப அந்த ஓலைய என் மரத்துல வேற கட்டணுமா?"

"ஆமாங்க சார். மூணு மாசங் குடுங்க. கறுப்பு கூடலீன்னா ரெண்டையும் நானே வெட்டிப்போடறனுங்க."

உள்ளே போனவர் ஏணியோடு வந்தார்.

மரக்காரர் ஓலைத் துண்டுகளைக் கட்டினார். கறுப்புப் புள்ளி இருந்த முற்றிய அடி ஓலைகளைக் குளவிக்கு விட்டுவிட்டு, மற்றவற்றின் அடியில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சச் சொன்னார். விடிந்ததும் பம்பு. மறுநாளும் பம்பு. கரித்தண்ணீர் கழுத்தில் வழிந்தது, தோள் கழன்றது, ஈ பறந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தது. நானும் விடவில்லை.

மூன்றாம் மாதம் மரக்காரர் ஆறு மரமும் ஏறினார். வெள்ளை ஒழியவில்லை. ஆனால் வேலூர்க்காரரின் மரத்திலிருந்து அவர் கொண்டுவந்த ஓலையில் வெள்ளையைவிடக் கறுப்பு அதிகம். வேலூர்க்காரர் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, அடுத்த தெருவிலும் பிசுக்கு தெரிகிறது, அங்கேயும் ஓலை கட்டலாமே என்றார்.

மரக்காரர் கயிற்றைச் சுருட்டி வண்டியில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வாட்டி ஊருக்குப் போனா தேங்கா கொண்டாங்கக்கா. கன்னு வேணாம், நக்கோ."