புகார் நோட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும்

நடந்தது வரிசையாக:

1. தோல் பதனிடும் ஷாப்பின் சாக்கடை எங்கள் தெருக் கிணற்றோரம் உடைத்துக்கொண்டது. தோல் ஊறிய ஆவாரம்பட்டைச் சாறு இறங்கி, கிணற்று நீர் கஷாயம் போலானது.
2. பக்கத்து வீட்டு அக்காவின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.
3. பொதுஜனங்கள் குறைகளை எழுதலாம் என்று பஞ்சாயத்து போர்டு ஆபீசில் ஒரு நோட்டு வைத்தார்கள்.
4. நான் எழுதினேன்.
5. இன்ஸ்பெக்டர் பார்வையிட வருவார் என்று மூன்று நாள் முன்னதாகவே சொல்லி அனுப்பினார்கள்.

ஐந்தாவதுதான் எங்களைக் கவிழ்த்தது.

வேலூரில் கம்பவுண்டர் பரீட்சை தேறி, ஊர் டிஸ்பென்சரியில் மருந்து கலக்க வந்த புதிது. எண்ணி எழுதிக் காட்டினால் போர்டுக்காரர்களுக்குப் புரியும் என்று நம்பினேன். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், எத்தனை நாளாக என்று பட்டியலே போட்டிருந்தேன். குமாஸ்தா என் கையெழுத்தை மெச்சினார். படித்ததாகத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று தெருவே பெருக்கித் தெளித்துக் கோலம் போட்டுக் கிடந்தது. அவர் தெருமுனை வேப்பமரத்தைத் தாண்டவில்லை.

"கிணத்த வந்து பாருங்க, ஐயா" என்றேன்.

"வெயில் ஜாஸ்திம்மா. தண்ணிய இங்கயே கொண்டாரச் சொல்லு."

அக்கா ஓடிப்போய்க் கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்தாள். அவர் அதைக் குடிக்கவில்லை, கையிலும் வாங்கவில்லை. அவளையே தூக்கிப் பிடிக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பளிங்காட்டம் இருக்குது. இதுக்கா இவ்ளோ பெரிய புகாரு?"

"ஐயா, இது பாலாத்து ஊத்துத் தண்ணி. ஒரு மைல் நடந்து எடுத்தாந்தது" என்றேன்.

"அப்ப நல்ல தண்ணி கிடைக்குதுன்னு நீயே சொல்ற" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "கிணத்துத் தண்ணியக் குடுன்னு எத்தினி தபா சொன்னேன்!"

"வந்த மனுசனுக்கு அந்தக் கண்றாவியயா குடுப்பாங்க? இன்னா பேசற நீ? படிச்ச பொண்ணு, மரியாத தெரியாதா?"

அவள் இடுப்பில் இருந்த குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. மூன்று நாள் அவகாசத்தில் விருந்தாளிக்கென்று நல்ல தண்ணீர் பிடித்து மூடி வைத்திருக்கிறாள். மரியாதைக்கே தகுதியில்லாத ஆளுக்கு அத்தனை மரியாதை.

நோட்டில் என் புகாருக்கு எதிரே, 'நேரில் விசாரிக்கப்பட்டது. நீர் தெளிவு' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. தீர்ந்த குறையை மறுபடி எழுத விதியில்லையாம். சாக்கடை உடைந்தபடியே ஓடுகிறது. வேலைக்கு முன் அக்காவால் பாலாற்றுக்குப் போய்வர முடிந்தால் குழந்தைக்கு ஊற்றுத் தண்ணீர். முடியாத நாளில் கிணற்றுத் தண்ணீர்தான்.