ஒரே மாதத்தில் நாலு திதி

சாமுண்டீஸ்வரியைச் சங்கத் தேர்தல் மேற்பார்வைக் குழுவில் போட்டதற்குக் காரணம் அவள் நேர்மை அல்ல. வாய் திறக்க மாட்டாள் என்ற நம்பிக்கைதான். சிங்கப்பூர் ஜூரோங்கில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினொரு வருடமாக வேலை. மார்சிலிங்கில் ஒரு வாடகை அறை. எஸ் பாஸ் எனும் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் காலம் நெருங்கினால் இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே சோறு இறங்காது. இந்த முறை அது அடுத்த மாதம் வருகிறது.

காவிரிக்கரை நண்பர்கள் சங்கத்தில் பெரும்பாலும் கட்டட, கப்பல்பட்டறைத் தொழிலாளர்கள். சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு வைத்தியம், செத்தவனை ஊருக்கு அனுப்பும் செலவு, எல்லாம் அவர்கள் மாதாமாதம் கட்டும் சந்தாவிலிருந்துதான். யாருக்கு உதவி என்று கையெழுத்துப் போடுகிறவர் தலைவர். அதனால்தான் அந்த நாற்காலிக்கு அத்தனை போட்டி. வேட்பாளர் ஐந்நூறு வெள்ளிக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது விதி. குடும்பச் சடங்குச் செலவு மட்டும் அதில் சேராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் சுரேந்தர் அவளைத் தேடி வந்தான். கப்பல்பட்டறையில் வெல்டர். ஒரு உறையை நீட்டினான்.

"அக்கா, புகார். பேர் போடலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். போட்டுட்டேன்."

படித்தாள். தலைவர் பதவிக்கு நிற்கும் கான்ட்ராக்டர் நடேசன் நாலு ஞாயிறாக ரேஸ் கோர்ஸ் சாலைத் திடலில் கோழி பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறார். மூடியில் அவர் அப்பா படமும் 'வரிசை எண் இரண்டு' என்று ஓட்டுச்சீட்டில் அவர் எண்ணும் ஒட்டியிருக்கிறது.

"தம்பி, மொட்டைக் கடிதம்னா குப்பைக்குப் போயிடும். பேர் போட்டா ரெண்டு நாள்ல ஒரு நகல் அவருக்கே போகும். விதி அப்படி. தெரியுமா?"

அவன் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீயைக் கீழே வைத்தான்.

"அவருக்கேவா? என் சூப்பர்வைசர் அவரோட மச்சான்க்கா. பெர்மிட்ட கேன்சல் பண்ணிடுவாங்க. தங்கச்சி இப்பதான் காலேஜ் ரெண்டாவது வருஷம்... குடுத்துடுங்க லா. நான் வரவே இல்ல."

உறையைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் அதை எட்டாக மடித்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

ரயிலில் அவளுக்கு அவன் முகமே நின்றது. பயப்படுகிறவனைப் பார்த்து 'ஏன் பயப்படுகிறாய்?' என்று கேட்பது சுலபம். ஒரு மனிதனின் சோறும் கூரையும் இன்னொருவன் அனுப்பும் ஒரே மின்னஞ்சலில் தொங்குகிறதே, இது என்ன ஏற்பாடு என்று எவரும் கேட்பதில்லை.

சுரேந்தரை மறந்துவிடலாம். ஆனால் மூன்றாவது ஞாயிறு அவளும் அந்தத் திடலில் வரிசையில் நின்றாள். அவளும் சாப்பிட்டாள். ஆறு நாள் உழைத்தவர்கள் பசிக்குச் சாப்பிட்டதில் குற்றமில்லை. அந்தப் பசியை ஓட்டுப்பெட்டியாக்கியதுதான் குற்றம். நடேசன் குழுவிடம் கொடுத்திருந்த செலவுப் பட்டியலிலும் அந்தப் பிரியாணிக்கான நாலு ரசீதுகள் இருந்தன. நாலிலும் அவர் கையெழுத்தில் 'அப்பா திதி'. சடங்குச் செலவென்றால் வரம்பில் சேராதே.

உறுப்பினர் யாரும் புகார் கொடுக்கலாம். கொடுத்தால் அவள் குழுவிலிருந்து விலக வேண்டும். அது பெரிதல்ல. அவள் முதலாளி சரத் சனிக்கிழமைதோறும் நடேசனோடு பூப்பந்து ஆடுகிறவர். பாஸ் புதுப்பிக்கும் விண்ணப்பம் கையெழுத்துக்காக அவர் மேசையில் இருந்தது.

மூன்று நாள் அலுவலகத்தில் அவர் அறைக்கதவு திறக்கும்போதெல்லாம் அவள் வெற்றுத் தாளை இழுப்பறைக்குள் தள்ளினாள். நான்காம் நாள் எழுதிக் கையெழுத்திட்டு, குழுத் தலைவர் அற்புதராஜிடம் கொடுத்தாள்.

"ஏம்மா, உன் பேர்தான் போடணுமா? யாராவது பெரிய ஆள் போடட்டுமே."

"பெரிய ஆள் யாரும் அந்த வரிசையில நிக்கல சார்."

அடுத்த ஞாயிறு காலை டன்லப் தெருவில் சங்கத்தின் மாடியறையில் விசாரணை. நடேசன் வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற விபூதியுமாக வந்தார். கையில் புகாரின் நகல்.

"அப்பா எப்ப காலமானார் சார்?" என்று அற்புதராஜ் கேட்டார்.

"ஆடி அமாவாசை."

"இது பங்குனி."

"நீங்க சர்ச்சுக்குப் போறவரு. எங்க சடங்கு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குழுவின் இன்னொரு உறுப்பினர் சின்னத்தம்பி முன்னால் சாய்ந்தார். "எனக்குத் தெரியும் அண்ணே. அமாவாசையே மாசத்துக்கு ஒண்ணுதான். உங்க அப்பா மட்டும் வாராவாரம் செத்தாரா?"

"பாசம்பா. பாசத்துக்குக் கணக்கு கேப்பீங்களா?"

"பாசத்துக்குக் கேக்கல. கோழிக்குத்தான் கேக்குறோம். திதிக்குப் போய் யாராவது கோழி பிரியாணி போடுவாங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமுண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. திதி என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அந்த மனிதர் நம்பியிருந்தார். நம் ஆட்கள் இத்தனை காலம் கேட்டதுமில்லை. நாலு ரசீதையும் கூட்டினால் வரம்பைப் போல் ஆறு மடங்கு செலவு. வேட்புமனு தள்ளுபடி என்று அற்புதராஜ் வாசித்தார்.

நடேசன் சத்தம் போடவில்லை. எழுந்து நேராக அவளிடம் வந்து, புன்னகையோடு கேட்டார்.

"நீங்க எந்தக் கம்பெனிம்மா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னாள்.

"அட, நம்ம சரத் கம்பெனியா? நேத்துகூட ஒண்ணா ஆடினோமே."

அவளும் எழுந்து நின்றாள். 

"தெரியும் சார். அதனாலதான் எழுத மூணு நாள் ஆச்சு."